நாவலா, புளியா, வெல்லமா? காபியை வீட்டிலேயே ருசி பார்ப்பது எப்படி

கும்பகோணம், மாயவரம் பக்கம் காபியைப் பாராட்ட இரண்டு வார்த்தை போதும்: டிகாக்ஷன் திக்கு, பால் கள்ளிச்சொட்டு. கொட்டையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பாலும் சர்க்கரையும் சிக்கரியும் சேர்ந்த டம்ளரில் கொட்டை தன் குணத்தைக் காட்டவும் முடியாது. அதனால் ருசி பார்க்கும்போது மட்டும் இந்த மூன்றையும் ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு சுவையைத் தேடினால் ‘காபி மாதிரி இருக்கு’ என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றாது. ஒன்றுக்கொன்று எட்டாத இரண்டு வகையை நூறு நூறு கிராம் வாங்குங்கள். உதாரணமாக, சிக்மகளூரிலோ ஏற்காட்டிலோ விளைந்த, தண்ணீரில் கழுவிப் பதப்படுத்திய எஸ்.795 என்ற அராபிகா ரகம் ஒன்று, பழத்தோலோடே வெயிலில் காயவைத்த ‘நேச்சுரல்’ ஒன்று. இரண்டும் நடுத்தர வறுவலாக இருக்கட்டும். வறுத்த தேதி போடாத பாக்கெட் வேண்டாம். வறுத்து ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் பார்ப்பது நல்லது. கொட்டையாகவே வாங்குங்கள். கடை மெஷினில் அரைத்தால் முன்னால் அரைத்தவருடைய சிக்கரி உங்கள் தூளிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்.

வீட்டில் கைமெஷின் இருந்தால் ரவையைவிடச் சற்றுப் பெரிதாக அரையுங்கள். மிக்ஸிதான் என்றால் இரண்டு இரண்டு விநாடியாக விட்டு விட்டு ஓட்டி, மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் பொடியைத் தள்ளிவிடுங்கள். அந்தப் பொடிதான் வேண்டாத கசப்பை முதலில் இறக்கும்.

டெல்டாவில் காபி கெடுவது பெரும்பாலும் தண்ணீரால். கெட்டில் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் போர் தண்ணீரில் காபியின் புளிப்பு மழுங்கிவிடும். எந்தக் கொட்டையும் ஒரே மாதிரி சப்பென்று இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் இதற்கு நேர்மாறு. உப்பே இல்லாததால் சாரம் சரியாக இறங்காது. தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 150 அருகே காட்டும்படி இரண்டையும் கலந்துகொள்ளலாம். 75-க்கும் 250-க்கும் இடையில் இருந்தாலும் பழுதில்லை. கடலோரத்து உப்புத் தண்ணீரைக் கலக்கவே வேண்டாம். கேன் தண்ணீர் வாங்கிவிடுங்கள்.

அளவு இதுதான்: 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள். 200 மில்லி என்றால் 11 கிராம். ஸ்பூன் கணக்கு உதவாது, நகை நிறுக்கும் சின்னத் தராசு வேண்டும். ஒரே அளவுள்ள கண்ணாடி டம்ளர்களாக எடுங்கள்; எவர்சில்வர் உதட்டைச் சுட்டுக் கவனத்தைக் கெடுக்கும்.

தூளைப் போட்டதும் முதலில் காய்ந்த மணத்தை முகருங்கள். தண்ணீர் கொதித்து இறக்கி அரை நிமிஷம் ஆறியதும், சுமார் 93 டிகிரியில், தூள் முழுக்க நனையும்படி ஊற்றிக் கடிகாரத்தைப் பாருங்கள். நான்கு நிமிஷம் தொடாதீர்கள். மேலே ஏடு மாதிரி திரண்டிருக்கும் தூளை ஸ்பூனால் மூன்று முறை பின்னுக்குத் தள்ளி, மூக்கை அருகே வைத்து முகருங்கள். மணம் மொத்தமும் எழும்பும் தருணம் அது. பிறகு நுரையையும் மிதக்கும் தூளையும் வழித்தெடுத்துவிட்டு, ஊற்றியதிலிருந்து பத்து நிமிஷம் ஆகும்வரை காத்திருங்கள்.

இனி ஸ்பூனில் எடுத்து ‘சர்ர்’ என்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும். சாப்பாட்டில் ரசத்தை உறிஞ்சினால் திட்டு வாங்கலாம். இங்கே அதுதான் முறை. காபி துளித்துளியாகச் சிதறி, அதன் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். சந்தேகமிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏலக்காய் ஒன்றை மென்று, பிறகு கையை எடுத்துப் பாருங்கள். சுவை என்று நினைப்பதில் எவ்வளவு மூக்கின் வேலை என்று தெரிந்துவிடும்.

இனிமேல்தான் சொல் தேடும் வேலை. பாக்கெட்டில் ‘புளூபெரி’ என்று போட்டிருக்கும். அதைச் சாப்பிட்டே இராதவர் அப்படியே திருப்பிச் சொல்வதில் பயன் இல்லை. புளிப்பு தெரிகிறதா? எந்தப் புளிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சை போலச் சுள்ளென்று ஏறி மறைகிறதா, புளியம்பழம் போல நின்று நிதானமாக இறங்குகிறதா, தயிர் போல வழவழப்பா, காடி போல மூக்கில் குத்துகிறதா? முதல் மூன்றும் நல்ல காபியிலேயே வரும். கடைசியது அளவு மீறினால் பழம் புளித்துப்போனதன் அடையாளம். எஸ்.795-இல் புளியும் வெல்லமும் சேர்ந்து பானகத்தை நினைவூட்டுவது உண்டு. நேச்சுரலில் திராட்சை, நாவல், சில சமயம் கனிந்து கறுத்த பூவன்பழம்.

இனிப்பிலும் அப்படித்தான். அச்சுவெல்லமா, கருப்பட்டியா, வெறும் சர்க்கரைப் பாகா? கருப்பட்டிக்கு உள்ள புகைவாசனை வெல்லத்துக்குக் கிடையாது.

கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கசப்பு சுண்டைக்காய், துவர்ப்பு வாழைக்கச்சல். முன்னது சுவை, பின்னது நாக்கை இழுத்துப் பிடித்து வறட்டும் உணர்ச்சி. நாக்கு இழுத்தால் பெரும்பாலும் தூள் மிக நைசு அல்லது ஊறியது அதிகம். சாம்பல் வாசனை கருகிய வறுவல். வைக்கோல், பச்சைக்கடலை வாசனை வேகாத வறுவல். ஈரச் சாக்கு வாசனை வந்தால் கொட்டை சேமித்த இடத்தில் கோளாறு. மழைக்காற்றில் வேண்டுமென்றே ஊறவிட்ட மான்சூன்ட் மலபாரில் மட்டும் மண், மர வாசனையைக் குறையாக எழுதிவிடாதீர்கள்.

சூட்டில் ஒருமுறை, வெதுவெதுப்பில் ஒருமுறை, முழுக்க ஆறியபின் ஒருமுறை எழுதுங்கள். சூட்டில் மணம், வெதுவெதுப்பில் புளிப்பு, ஆறியபின் இனிப்பும் குறையும் தெளிவாகும். ஆறிய காபி கீழே கொட்டத்தான் என்ற நம் வழக்கத்தால் பாதி விஷயம் தவறிப்போகிறது.

நாக்கு தேறியதா என்று பார்க்க, மூன்று டம்ளரில் இரண்டில் ஒரே காபியும் ஒன்றில் மற்றதும் போட்டு, அடியில் குறியிட்டு, வீட்டில் ஒருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லி, தனியாக நிற்பதைக் கண்டுபிடியுங்கள். குருட்டு அதிர்ஷ்டத்திலேயே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும். அதனால் ஐந்தாறு முறையாவது செய்து பாருங்கள்.

ஃபில்டர் டிகாக்ஷனையும் இப்படிப் பார்க்கலாம். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு வெந்நீர் விட்டு இளக்குங்கள். திக்காக இருக்கும்வரை கசப்பு மற்றதையெல்லாம் மூடிவிடும். காலைக் காபிக்குக் கொட்டை தேர்ந்தெடுக்க, உங்கள் குறிப்பில் வெல்லம், கோகோ, வறுத்த வேர்க்கடலை என்று எழுதியவற்றை எடுங்கள். எலுமிச்சை என்று எழுதியது பாலோடு சேர்ந்தால் பால் திரிந்தது போலத் தோன்றும். அதைக் கறுப்பாகவே குடித்துவிடுங்கள்.