உங்கள் தெருவில் எத்தனை நிமிடம் அமைதி மிச்சம்? கணக்கெடுப்பது இப்படி

விடிகாலை நாலரைக்கு அலாரம் வையுங்கள். நோட்டு, பேனா, கைக்கடிகாரம் போதும். மொட்டைமாடிக்குப் போகும் முன் ஏசியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதன் வெளி யூனிட் மாடியில் உறுமுவதைத் தெருச் சத்தம் என்று எழுதி வைப்பீர்கள் (முதல் நாள் நான் அப்படித்தான் எழுதினேன்).

உட்கார்ந்ததும் எழுத வேண்டாம். காது பழகப் பத்து நிமிடமாவது பிடிக்கும். முதலில் ஒன்றுமே கேட்காத மாதிரி இருக்கும், அப்புறம் சுவர்க்கோழி, பல்லி, தூரத்து ரயில் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்.

நோட்டின் ஒரு பக்கம் இயற்கை, மறுபக்கம் மனிதன், எதிரே நேரம். கரிச்சான் இருட்டிலேயே தொடங்கிவிடும், பிறகு குயில், காகம். அந்தப் பக்கம் பால் வண்டி, தண்ணீர் மோட்டார், மார்கழி என்றால் ஸ்பீக்கர். தெருநாயை எங்கே சேர்ப்பது என்பது உங்கள் பாடு. பைக்கைப் பார்த்துக் குரைத்தால் நான் மனிதன் பக்கம்தான் போடுவேன்.

கடைசியில், மனிதச் சத்தம் ஒன்றுகூட இல்லாத நீண்ட இடைவெளி எது என்று பாருங்கள். அமெரிக்க ஒலிப்பதிவாளர் கார்டன் ஹெம்ப்டன் 15 நிமிடமாவது வேண்டும் என்கிறார். எங்கள் தெருவில் ஒரு வாரம் உட்கார்ந்தும் நாலு நிமிடத்தைத் தாண்டவில்லை.

போனில் இருக்கும் டெசிபல் ஆப் நேற்றையும் இன்றையும் ஒப்பிட உதவும், அந்த எண்ணை வைத்துப் புகார் எழுதிவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. ஐந்து மணி ஸ்பீக்கரும் அதில் அடக்கம்.

ஆனால் சட்டத்தைக் காட்டுவதற்கு முன்னால் பேசிப் பாருங்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் உத்தரவு போட்டு வந்ததில்லை, ஊராரே எடுத்த முடிவு. நான் நோட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன், ஐந்து மணி மோட்டாரை ஆறரைக்கு மாற்றிக்கொண்டார்கள். இப்போது ஒன்பது நிமிடம் கிடைக்கிறது.