கிறிஸ்தவக் கவிதையிலும் ஃபேன்டஸி கதையிலும் அடிக்கடி நேரும் தவறுகள்

விசுவாசத்தோடு எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. செய்தி முதலில் தயாராகிவிடுகிறது. கதையும் கவிதையும் அதைச் சுமக்க வந்த கூலியாட்களாகிவிடுகின்றன. வாசிப்பவர்கள் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். கதையை உடைத்துச் செய்தியை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுகிறார்கள்.

'நடக்காததை எழுதுவது பொய்தானே' என்ற தயக்கத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். நியாயாதிபதிகள் 9-ஆம் அதிகாரத்தில் மரங்கள் பேசுகின்றன. தங்களுக்கு ராஜாவாகும்படி ஒலிவமரத்தையும் அத்திமரத்தையும் திராட்சச்செடியையும் கேட்டு, எல்லாம் மறுத்தபின் முட்செடியிடம் போய் நிற்கின்றன. 2 சாமுவேல் 12-இல், உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவைத்த தாவீது அரசனிடம் தீர்க்கதரிசி நாத்தான் சொல்வதும் புனைகதைதான்: பணக்காரன் ஒருவன் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்து அடித்துவிடுகிறான். அந்தக் கதை நடக்கும் வரிசையைக் கவனியுங்கள். ஏழையின் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுக்கும் ஒரே ஆட்டுக்குட்டி முதலில் வருகிறது. அடுத்து தாவீதின் கோபம், அதன்பின் அவன் வாயாலேயே வரும் தீர்ப்பு. கடைசியாகத்தான் 'நீயே அந்த மனுஷன்'. இந்த வாக்கியம் முதலில் வந்திருந்தால் அரசன் தற்காப்புக்கு இறங்கியிருப்பான்.

இதே கதை அடுத்த தவறையும் காட்டிக்கொடுக்கிறது: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'இது இவரைக் குறிக்கிறது' என்று பட்டியல் போடுவது. நாத்தானின் கதையில் கொல்லப்படுவது ஆட்டுக்குட்டி. உண்மையில் கொல்லப்பட்டவனோ உரியா, அதாவது ஆட்டின் சொந்தக்காரன். ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்தால் கதை பிசகுகிறது. ஆனாலும் தைக்க வேண்டிய இடத்தில் தைக்கிறது.

எல்லாக் கதையையும் ஒரே முறையில் வாசிக்கக் கூடாது. ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதை வெளிப்படையான உருவகம். பாத்திரங்களின் பெயரே பொருளைச் சொல்லிவிடும், அங்கே பட்டியல் போடலாம். நார்னியா என்ற கற்பனை உலகின் கதைகளை (1950–1956) அவற்றை எழுதிய சி. எஸ். லூயிஸ் உருவகம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியொரு உலகம் இருந்து, அதற்கும் மீட்பு தேவைப்பட்டு, தேவகுமாரன் அந்த உலகுக்கேற்ற வடிவில் வந்தால் என்ன நடக்கும் என்ற அனுமானமே அவை என்றார். ஆகவே அக்கதைகளில் அஸ்லான் என்ற சிங்கம் ஒரேயொரு துரோகிச் சிறுவனுக்காக உயிர் கொடுப்பதை வைத்து மீட்பின் கோட்பாடு முழுவதையும் சரிபார்க்க உட்காருவது வீண் வேலை.

டோல்கீன் இன்னொரு எல்லை. 1953-இல் எழுதிய கடிதத்தில், தன் மோதிரக் கதை ('தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்') அடிப்படையில் சமய நூல், கத்தோலிக்க நூல் என்கிறார். அதனால்தான் சமயச் சடங்குகள் பற்றிய குறிப்புகளைச் சேர்க்காமலும் வெட்டியும் விட்டதாக அதே மூச்சில் சொல்கிறார். மோதிரம் அழியும் நாள் மார்ச் 25, கன்னி மரியாளுக்குத் தூது வந்த திருநாள். இது தற்செயல் அல்ல. அதற்காக மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோதான் கிறிஸ்து என்று முடிவுகட்டினால், சாவிலிருந்து திரும்பும் மந்திரவாதி காண்டால்ஃபையும், தொட்டுக் குணமாக்கும் அரசனான அரகோர்னையும் என்ன செய்வது?

எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் கடைசி நேர மீட்பு. நாயகன் ஜெபிக்கிறான், வானம் திறக்கிறது, எதிரி விழுகிறான். கடவுள் எதையும் செய்ய வல்லவர் என்பது உண்மைதான். ஆனால் கதைக்குள் அது விதைக்கப்படாவிட்டால் ஆசிரியர் கைநீட்டிக் காப்பாற்றியதாகவே வாசகருக்குத் தெரியும். டோல்கீன் இதைச் செய்த விதத்தை நெருங்கிப் பார்க்கலாம். மோதிரத்தை அழிக்க வந்த ஃப்ரோடோ எரிமலையின் நெருப்புப் பிளவருகே தோற்கிறான். மோதிரத்தைத் தனதென்று அணிந்துகொள்கிறான். காரியம் முடிவது, முன்பு மோதிரத்தை வைத்திருந்த கோல்லம் அவன் விரலைக் கடித்து மோதிரத்தோடு நெருப்பில் விழுவதால்தான். அந்தக் கோல்லம் அங்கே உயிரோடு இருப்பதற்கு எத்தனை பேர் காரணம்! முந்தைய கதையில் ஃப்ரோடோவின் உறவினன் பில்போ இரங்கி விடுகிறான். மலைப்பாறைகளிடையே பிடிபட்டபோது ஃப்ரோடோ விடுகிறான். தளபதி ஃபாராமிரின் வில்லாளிகளிடமிருந்தும் ஃப்ரோடோவே காக்கிறான். கடைசியில், கோல்லத்தைக் கண்டாலே ஆகாத, ஃப்ரோடோவின் தோழன் சாம்கூட எரிமலைச் சரிவில் வாளை ஓங்கிவிட்டுக் கொல்லாமல் விடுகிறான். ஒவ்வொரு இரக்கமும் அந்த நேரத்தில் முட்டாள்தனமாகவே தெரிகிறது. கிருபை என்ற சொல்லைச் சொல்லாமலே கிருபை கதையின் காரணகாரியமாகிவிட்டது. உங்கள் கதையில் மீட்பு வரும் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போய், அதற்கான விதை குறைந்தது இரண்டு இடங்களிலாவது, வேறொரு காரணத்துக்காக வந்ததுபோல் கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முடிவைத் தொடாதீர்கள், நடுப்பகுதியைத் திருத்துங்கள்.

தீமையை எழுதுவதில் இருபக்கமும் குழி. சாத்தானை அசடனாக்கினால் சோதனைக்கு அர்த்தமில்லை. ஆங்கிலக் கவி மில்டனின் 1667-ஆம் ஆண்டுக் காவியமான 'இழந்த சொர்க்க'த்தில் அவனுக்குக் கம்பீரமான பேச்சு வாய்த்தது. மில்டன் தன்னையறியாமல் பிசாசின் கட்சிக்காரர் என்றே பின்வந்த கவிஞர் வில்லியம் பிளேக் எழுதினார். ஆனால் தொடர்ந்து படித்தால் அந்தக் கம்பீரம் படிப்படியாக இறங்கி, தேரையாய் ஏவாளின் காதருகே குந்தி, கடைசியில் சீறும் பாம்பாகிறது. முதல் இரண்டு காண்டத்தோடு நிறுத்துபவர்களுக்கு இது தெரிவதில்லை. இன்னொன்று, காவியத்தில் படித்ததை வேதம் என்று நினைத்துவிடுவது. ஆதியாகமம் 3-இல் கனி ஆப்பிள் என்று எங்கும் இல்லை.

மந்திரவாதி என்ற சொல்லைப் பார்த்ததும் புத்தகத்தை மூடுவதும் அவசரம். உபாகமம் 18 தடைசெய்யும் சூனியத்தையும் குறிசொல்லுதலையும் கற்பனை உலகத்தில் அளக்க, சொல்லைவிடக் கேள்விகள் உதவும்: அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது, யாரை அடிமைப்படுத்துகிறது, அதை வேண்டாமென்று மறுப்பவர் யாராவது உண்டா?

கவிதைக்கு வந்தால் நோய் வேறு. அன்பு, ஒளி, ஜீவன், கிருபை, சிலுவை என்ற ஐந்தாறு சொற்களை மாற்றி மாற்றி அடுக்கினால் பாட்டு வந்துவிடும், கவிதை வராது. இருபது வரியில் இத்தகைய சொற்கள் மூன்றுக்கு மேல் இருந்தால், ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் பொருள் ஒன்றை வைத்துப் பாருங்கள்.

யாப்பையும் அலங்காரமாக நினைக்க வேண்டாம். ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் 'தி காலர்' என்ற கவிதை (1633) கடவுளை விட்டு ஓடத் துடிப்பவனின் கத்தல். 36 வரி. வரிகள் தாறுமாறாக நீண்டு குறுகும். இயைபு எங்கோ போய் ஒலிக்கும். கடைசி நான்கு வரியில் 'பிள்ளாய்' என்று யாரோ அழைப்பது கேட்க, அவன் 'என் ஆண்டவரே' என்கிறான். அங்கே மட்டும் இயைபு ஒன்றுவிட்டு ஒன்றாகச் சீராகிவிடுகிறது. மனந்திரும்புதலை அவர் விளக்கவில்லை, செவிக்குக் கொடுத்துவிட்டார்.

புலம்பலை அவசரமாகத் துதியாக்குவது இன்னொரு பழக்கம். 88-ஆம் சங்கீதம் அப்படி மாறுவதே இல்லை. எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய அகரவரிசையில் கட்டப்பட்டவை. ஐந்தாவதில் அந்த எழுத்துகளின் எண்ணிக்கையான 22 வசனங்கள் இருந்தும் வரிசை இல்லை. துயரத்துக்குத் தீர்வுதான் வேண்டுமென்றில்லை, நிற்க ஒரு வடிவம் கிடைத்தாலும் போதும். உங்கள் கவிதையின் கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். கவிதை முழுதாக இருந்தால் அந்தப் பத்தி வேண்டாம்.

வரைவு முடிந்ததும் இருவரிடம் கொடுங்கள். வேதாகமம் தெரியாதவரிடம் 'என்ன நடந்தது?' என்று மட்டும் கேளுங்கள். அவரால் கதையைத் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் குறிப்புகளைச் சார்ந்து எழுதிவிட்டீர்கள். வேதம் நன்றாகத் தெரிந்தவரிடம் 'எந்த இடத்தில் முடிவு முன்கூட்டியே தெரிந்தது?' என்று கேளுங்கள். அவர் காட்டும் பக்கத்தில் பெரும்பாலும் ஏதோ ஒரு பாத்திரம் உங்கள் குரலில் பேசிக்கொண்டிருக்கும்.