கழற்றிக் கழுவ எளிதான ஸ்ப்ரே கன்: வரைபடத்திலேயே கவனிக்க வேண்டியவை

சரியாகக் கழுவாத ஸ்ப்ரே கன்னில் பெயிண்ட் முதலில் காய்ந்து பிடிப்பது மூன்று இடங்களில்: பெயிண்ட் வெளியேறும் நாசிலின் பின்வாய், அதைத் திறந்து மூடும் நீடிலைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கின் முன்பக்கம், கப் உட்காரும் மரை. பட்டறைகளில் இதற்குப் பெயிண்டரின் சோம்பலைக் காரணம் சொல்வார்கள். இரண்டு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கீழே விழுந்தால் கிடைக்காத ஒரு ஸ்பிரிங் என்று இருக்கும் கன்னை, வேலை முடிந்த களைப்பில் எவரும் தினமும் முழுசாகக் கழற்ற மாட்டார். குறை கன்னின் டிசைன் வரைபடத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டியதும் அங்கேதான்.

நம் ஊர் வெயிலில் இது இன்னும் அவசரமான விஷயம். ஹார்டனர் கலந்த 2கே பெயிண்ட் 20 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் மே மாதத்து 40 டிகிரியில் முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். கழற்றவே பத்து நிமிடம் பிடிக்கும் கன்னில், மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கழுவு என்பது நடக்காது.

கீழே வருவதெல்லாம் மேலே கப் உள்ள கிராவிட்டி கன்னை வைத்துச் சொல்வது. கப் கீழே உள்ள சக்ஷன் கன்னுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

சிவப்பு வழி, நீல வழி

அசெம்பிளி வரைபடத்தின் ஒரு நகலை எடுத்து, பெயிண்ட் தொடும் ஒவ்வொரு பரப்பையும் சிவப்பிலும், காற்று மட்டும் போகும் வழியை நீலத்திலும் தீட்டுங்கள். சிவப்பு பட்ட பாகங்கள் மட்டும் கழன்று வந்தால் போதும். கப், வடிகட்டி, நீடில், நாசில், நாசிலைச் சுற்றிக் காற்றை ஊதும் ஏர் கேப் என்று ஐந்துக்குள் அது அடங்க வேண்டும். ட்ரிகரையும் ஏர் வால்வையும், பெயிண்ட் விசிறியாக விரியும் அகலத்தை மாற்றும் ஃபேன் கண்ட்ரோலையும் தினமும் தொடவே கூடாது. ட்ரிகர் பின்னைத் தட்டி எடுத்தால்தான் நீடில் வரும் என்று இருந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் அதை மாற்றுங்கள்.

இதைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனது 3எம் நிறுவனத்தின் அக்யூஸ்ப்ரே கன். நாசிலும் ஏர் கேப்பும் சேர்ந்த பிளாஸ்டிக் தலை முழுசாகக் கழன்று வரும். பெயிண்ட் அந்தத் தலைக்குள்ளேயே போய் வெளியேறுவதால் பாடியில் கழுவப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அதே நிறுவனத்தின் பிபிஎஸ் கப்பில், பெயிண்ட் குறையக் குறையச் சுருங்கும் மெல்லிய உள்பை இருக்கிறது. வேலை முடிந்ததும் பையை எறிந்துவிடலாம். மாற்றுத் தலையும் பையும் கடையில் கிடைத்துக்கொண்டே இருக்கும் இடத்துக்கு இந்த வழி சரி. சிறு ஊர்ப் பட்டறைக்கு விற்கும் கன் என்றால், உலோகப் பாகங்களையே எளிதில் கழற்றும்படி செய்வதுதான் நியாயம் என்பது எங்கள் கருத்து.

நீடில்

அதிகம் யோசிக்க வேண்டிய பாகம் இது. பெரும்பாலான கன்களில் பின்பக்க நாப் (திருகும் குமிழ்), ஸ்பிரிங், நீடில் என்ற வரிசையில் பின்னால்தான் உருவ வேண்டும். நீடிலின் முன்பாதி பெயிண்டில் ஊறியிருக்கும். உருவும்போது அந்தப் பாதி பேக்கிங்கின் துளை வழியாகத்தான் வெளியே வரும். மேலே 0.05 மி.மீ. அளவுக்குப் படலம் காய்ந்திருந்தாலே டெஃப்ளான் பேக்கிங்கின் உதட்டில் கோடு விழுந்துவிடும். மறுநாள் ட்ரிகர் பக்கம் சொட்டும். பெயிண்டர் பேக்கிங்கை அழுத்தும் கிளாண்ட் நட்டை இறுக்குவார். இறுக்கிய நீடில் ஸ்பிரிங்குக்கு அடங்காமல் தாமதமாக மூடும்; ட்ரிகரை விட்ட பிறகும் நாசில் துப்பும். கழுவிய பிறகுதான் கன் கெட்டது என்று பெயிண்டர்கள் சொல்வதன் பின்னால் பெரும்பாலும் இந்தச் சங்கிலிதான் இருக்கிறது.

நீடிலைப் படி வைத்துக் கடைந்தால் இது தீரும். பேக்கிங்குக்குள் ஓடும் பகுதி 4 மி.மீ. விட்டம் என்றால், அதற்கு முன்னுள்ள ஈரப் பகுதியை 3.4 மி.மீ. ஆக்குங்கள். சுற்றிலும் 0.3 மி.மீ. இடைவெளி கிடைப்பதால் காய்ந்த படலம் உதட்டைத் தொடாமலே வெளியே வந்துவிடும். படியைச் செங்குத்தாக விடாமல் 15 டிகிரி சரிவாகக் கடையுங்கள். செங்குத்துத் தோள் திரும்பச் செருகும்போது உதட்டை வெட்டும்.

படி எங்கே இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. நீடிலின் ஓட்டம் 4 மி.மீ. என்றால், மூடிய நிலையில் படி பேக்கிங்குக்கு 6 மி.மீ. முன்னால் இருக்கட்டும். 4 மி.மீ.க்கும் கீழே குறைத்தால் ட்ரிகரை முழுதாக இழுக்கும்போது படி பேக்கிங்குக்குள் புகுந்து கசியும். கூட்டினால் தடித்த பகுதி தேவையில்லாமல் பெயிண்டில் ஊறும். பேக்கிங்கில் ஓடும் பரப்பின் சொரசொரப்பு (ஆர்ஏ அளவு) 0.4 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும்.

பேக்கிங்குக்கும் ஏர் வால்வு சீலுக்கும் இடையில் நீடில் கொஞ்ச தூரம் வெளியே தெரியட்டும், 6 மி.மீ. போதும். பேக்கிங் கசிந்தால் பெயிண்ட் அங்கே கண்ணுக்குப் படும். இடைவெளி இல்லாத டிசைனில் அது சத்தமில்லாமல் காற்று வழிக்குள் போய்க் காய்ந்துவிடும். அதைக் கழுவி எடுக்க வழியே இல்லை.

பின்முனையில் விரலால் பிடித்து இழுக்க 8 மி.மீ. விட்டத்தில் ஒரு காலர் கொடுங்கள். பிடி இல்லாத நீடிலைக் குறடால் இழுப்பார்கள், வளைந்துவிடும். ஸ்பிரிங்கை நாப்புக்குள் லேசான இறுக்கத்தில் பொருத்திவிட்டால் இரண்டும் ஒன்றாக வரும். ஸ்பிரிங் தெறித்துத் தொலையாது.

நாசிலும் அதன் மரையும்

கழற்றும்போது நீடில் முதலில், நாசில் கடைசியில். பூட்டும்போது நாசில் முதலில். நீடில் உள்ளே இருக்கும்போது நாசிலைத் திருகினால், ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும் கூர்முனையும் நாசிலின் வாய் விளிம்பும் ஒன்றையொன்று அரைக்கும். 1.3 மி.மீ. வாயில் ஒரு சிறு வடு விழுந்தாலும் சொட்டும், விசிறி ஒரு பக்கம் சாயும். இந்த வரிசையைக் கையேட்டில் மட்டும் அச்சிட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நாப்பில் 1, ஏர் கேப் வளையத்தில் 2, நாசிலின் அறுகோணத்தில் 3 என்று பொறித்துவிடுங்கள்.

நாசில் பாடியோடு அழுந்தி அடைப்பது அதன் பின்முனையின் கூம்புச் சரிவில் (டேப்பர்) இருக்கட்டும், மரை அதற்கு முன்னால் வரட்டும். அப்படி வைத்தால் பெயிண்ட் மரையைத் தொடாது. எந்த மூட்டாக இருந்தாலும் பெயிண்டுக்கும் மரைக்கும் நடுவில் அடைப்பு வர வேண்டும். கப் மூட்டிலும் இதையே செய்யுங்கள்: மரையின் அடியில் இருக்கும் வாஷரை எடுத்துவிட்டு, கழுத்தின் உள்விளிம்பில் முகத்தோடு முகம் அழுந்தும் சீல் வையுங்கள். மரை காய்ந்தே இருந்தால் கப் கையாலேயே கழன்று வரும்.

அலுமினிய பாடியில் நேரடியாக மரை போட்டால் தினசரிக் கழற்றலுக்குத் தாங்காது. துளைக்குள் தனியாகப் பொருத்தும் பித்தளை இன்செர்ட் வைத்து அதில் மரை போடுங்கள். ஸ்டெயின்லெஸ் நாசிலுக்கு ஸ்டெயின்லெஸ் இன்செர்ட் வைத்தால் இரண்டும் கடித்துக்கொண்டு நின்றுவிடும் ஆபத்து உண்டு. பித்தளையில் அந்தத் தொல்லை குறைவு. மரைக்குப் போடும் கிரீஸில் சிலிக்கான் இருக்கவே கூடாது. துளி கலந்தாலும் பெயிண்ட் படலத்தில் மீன்கண் எனும் சிறு வட்டக் குழிகள் விழும்.

நாசிலின் இறுக்கம் கன்னைப் பொறுத்து 14 முதல் 27 நியூட்டன் மீட்டர் வரை போகும். டார்க் ஸ்பேனர் எல்லோரிடமும் இருக்காது. கன்னோடு கொடுக்கும் ஸ்பேனரின் கைப்பிடியை 100 மி.மீ. நீளத்தோடு நிறுத்திவிட்டால், 15 கிலோ பலத்தில் அழுத்தினாலும் 15 நியூட்டன் மீட்டர்தான் வரும். கழற்ற வேண்டிய எல்லா அறுகோணங்களும் ஒரே அளவில் இருக்கட்டும். அதே ஸ்பேனரின் மறுமுனை பேக்கிங் ஸ்க்ரூவுக்கு டிரைவராக இருக்கட்டும்.

ஏர் கேப் வளையத்துக்கு ஸ்பேனரே கூடாது. நுண்ணிய நர்லிங் (சொரசொரப்புக் கோடுகள்) போட்டால் பெயிண்ட் நிரம்பி வழுக்கும். எட்டுப் பெரிய பள்ளங்கள் வெட்டுங்கள், தின்னர் படிந்த கையுறையோடும் பிடி கிடைக்கும். மரை நீளம் 9 மி.மீ., பிட்ச் 1 மி.மீ. என்றால் ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். 1.5 மி.மீ. பிட்சில், மூன்று இழைகள் சேர்ந்து ஓடும் மூன்று தொடக்க மரை போட்டால் இரண்டே சுற்று. 30 மி.மீ. விட்டத்தில் அதன் சாய்வு 3 டிகிரிக்கும் குறைவு, ஆகவே தானாகத் தளராது. கூரான மரைக்குப் பதில் ட்ரபீசிய வடிவ மரை போட்டால் ஒரு தடவை பிரஷ் ஓட்டினாலே சுத்தமாகும்.

துளைகள்

கப்பிலிருந்து நாசில் வரை பிரஷ் நேராகப் போக வேண்டும். கப் துளை 8 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். இரண்டு துளைகள் சந்திக்கும் இடத்தில் டிரில்லின் கூம்பு முனை மறுபக்கம் ஒரு குழியை விட்டுவிடும், பிசிறும் நிற்கும். ரீமர் ஓட்டி, பிசிறு எடுத்து, உள்பரப்பை ஆர்ஏ 0.8 மைக்ரானுக்குக் கொண்டுவாருங்கள். முட்டுச்சந்தாக நிற்கும் துளை தவிர்க்க முடியாதது என்றால், அதன் ஆழம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. மருந்து ஆலைக் குழாய்களுக்கு வைக்கும் அளவு அது. கன்னுக்கும் பொருந்தும்.

ஓ-ரிங் பள்ளத்தை எப்போதும் வெளியே வரும் ஆண் பாகத்தில் வெட்டுங்கள். பாடியின் துளைக்குள் வெட்டிய பள்ளத்தில் காய்ந்த பெயிண்டை ஊசியால் குத்தி எடுப்பார்கள், அதிலேயே சீல் பரப்பு கீறிவிடும். துளை வாயில் 15 முதல் 20 டிகிரி சரிவு இருந்தால் ஓ-ரிங் அறுபடாமல் நுழையும்.

சீலும் கரைப்பானும்

நைட்ரைல் ரப்பர் தின்னரில் உப்பும். வைட்டான் பெட்ரோலிய வகைக் கரைப்பான்களுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் அசிட்டோன், எம்இகே போன்ற கீட்டோன்களில் வீங்கிவிடும். நம்மூர் தின்னர் பலவற்றில் அவை கலந்திருக்கின்றன. ஆகவே பெயிண்ட் படும் இடம் எல்லாவற்றிலும் டெஃப்ளான் வையுங்கள். அதற்கு ரப்பரின் நெகிழ்ச்சி கிடையாது, பின்னால் ஒரு சிறு ஸ்பிரிங் தாங்கல் வேண்டும்.

தண்ணீர் சார்ந்த பெயிண்டுக்கு சிவப்பு வழி முழுதும் ஸ்டெயின்லெஸ் ஆக வேண்டும். ஆனோடைஸ் செய்த பாடிக்குக் காரச் சோப்பும் ஆகாது, அமிலச் சோப்பும் ஆகாது. கழுவும் திரவம் பிஎச் 6 முதல் 8க்குள் இருக்க வேண்டும் என்று பாடியிலேயே எழுதுங்கள். மெத்திலீன் குளோரைடு போன்ற குளோரின் கரைப்பான்கள் அழுத்தத்தில் உள்ள அலுமினியத்தோடு சேர்ந்தால் வெடிக்கும் அளவுக்கு வினை நடக்கலாம். அந்த எச்சரிக்கை அழியாத எழுத்தில் இருக்க வேண்டும்.

கன்னை முழுசாகத் தின்னரில் ஊறப்போடும் பழக்கம் எங்கும் உண்டு. சீல் உப்பும், ஏர் வால்வின் கிரீஸ் கரையும், கரைந்த அழுக்கு காற்றுத் துளைகளில் போய் உட்காரும். சிவப்புப் பாகங்கள் சுலபமாகக் கையோடு வந்துவிட்டால் ஊறப்போடும் தேவையே எழாது. பாடியை மட்டும் நாசில் பக்கம் கீழே பார்க்கப் பிடித்து பிரஷ் போட்டால் கரைப்பான் காற்று வழிக்கு ஏறாது. பிளாஸ்டிக் பாகங்கள் சேர்த்தால், கழற்றிப் பூட்டிய பிறகும் நாசிலிலிருந்து கைப்பிடி வரை மின் தொடர்ச்சி அறாமல் இருக்கிறதா என்று மீட்டரால் பாருங்கள். நிலைமின் பொறி தின்னர் ஆவியில் பற்றிக்கொள்ளும்.

மாதிரியைச் சோதிப்பது

காலிக் கன்னை 0.1 கிராம் தராசில் நிறுத்துக் குறியுங்கள். ஹார்டனர் கலந்த கிளியரை (நிறமில்லாத மேல்பூச்சை) ஊற்றி அடித்துவிட்டு, இறுகும் நேரத்தில் பாதி போகும் வரை விட்டு வையுங்கள். பிறகு, இந்தக் கன்னை முன்பின் பார்க்காத ஒருவரிடம் கையுறையோடு கொடுத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறார், எதைக் கீழே போடுகிறார், எதைத் திருப்பி மாட்டப் பார்க்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். தலைகீழாக மாட்ட முடிகிற பாகம் என்றாவது ஒரு நாள் தலைகீழாக மாட்டப்படும். அதற்கு ஒரு பின்னோ வெவ்வேறு மரை அளவோ கொடுத்து வழியை அடையுங்கள். காய்ந்த பிறகு திரும்ப நிறுத்துப் பாருங்கள். எடை கூடியிருந்தால் எங்கோ பெயிண்ட் ஒளிந்திருக்கிறது. பாடியை அறுத்துப் பார்த்தால் இடம் தெரியும்.

நாளுக்கு இரண்டு கழுவு, வருடத்துக்கு 300 வேலைநாள் என்றால் 600 தடவை. மூன்று வருடத்துக்கு 1,800 தடவை கழற்றிப் பூட்டி, ஒவ்வொரு 200க்கும் ஒருமுறை கப்பில் தண்ணீர் ஊற்றிக் கசிவு பாருங்கள். காற்று திறந்ததும் கப்பில் குமிழி வந்தால் நாசிலின் டேப்பர் தேய்ந்திருக்கிறது. அடிக்கும் விசிறி விட்டுவிட்டு வந்தால் பேக்கிங் அல்லது நாசில் வழியே காற்று பெயிண்டுக்குள் நுழைகிறது. விசிறி ஒரு பக்கம் கனத்தால் ஏர் கேப்பை 180 டிகிரி திருப்பி மறுபடி காகிதத்தில் அடியுங்கள். கனமும் சேர்ந்து திரும்பினால் கோளாறு கேப்பின் துளையில். மரக்குச்சியாலோ நைலான் முள்ளாலோ குத்துங்கள், கம்பியால் வேண்டாம். திரும்பாமல் அதே பக்கம் நின்றால் நாசிலையும் நீடில் முனையையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.