வீரரின் நினைவுக்கல்லைக் கழுவி எழுத்துக்கு வண்ணம் ஏற்ற

ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். சாலையோர நினைவுக்கல் வேலையை ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள்; கழுவிய கல் உலர 2 நாளாவது வேண்டும்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். கிரானைட்டிலுள்ள இரும்பு மஞ்சள் கறையாக வெளிவரும், இணைப்புச் சிமெண்டும் அரிக்கும். 1 லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம், நைலான் பிரஷ் போதும். அடியிலிருந்து மேலே தேய்த்துப் போனால் அழுக்குநீர் கோடு விழாது. விளக்கு எண்ணெய்க் கறைக்கு, டால்கம் பவுடரைத் தின்னரில் குழைத்து அப்பி, பாலித்தீனால் மூடி ஒரு நாள் விடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது.

பழைய பெயிண்ட்டை மூங்கில் குச்சியால் கிளறுங்கள். ஆணி பட்டால் 'ழ'வின் சுழி மழுங்கிவிடும். 0 நம்பர் தூரிகையில் தங்கநிற எனாமல் ஏற்றி, வழிந்ததை 10 நிமிடத்துக்குள் டர்பன்டைன் துணியால் துடையுங்கள். துணியை விரலில் இறுக்கிச் சுற்றுங்கள். தளர்ந்தால் குழிக்குள் இறங்கிப் பெயிண்ட்டை இழுத்துவிடும்.

வண்ணம் ஏற்றும் முன் பெயர், பதவி, தேதியைக் குடும்பத்தாரிடமுள்ள ராணுவ ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். நாயக் வேறு, ஹவில்தார் வேறு. உயிர் கொடுத்தவருக்குப் பதவியைத் தவறாக எழுதக் கூடாது.

மாலையைக் கம்பியில் கட்டாதீர்கள். அதன் துருக்கறை எளிதில் போகாது.