பர்கண்டியில் சைக்கிள்: புதிதாக வருபவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

பிரான்ஸின் பர்கண்டி ஒயின் வட்டாரத்தில் ஏப்ரல் பிறந்துவிட்டால் டிஜோன் ரயில் நிலைய வாசலில் புதுப் பைகள் மாட்டிய சைக்கிள்களோடு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். பாரிஸ் பக்கமிருந்து வரும் நம் ஆட்களும் இப்போது அதில் உண்டு. கைபேசியில் அவர்கள் போட்டு வைத்திருக்கும் வழியை ஒரு பார்வை பார்த்தால் போதும், சாயங்காலம் என்ன முகத்தோடு தெற்கே உள்ள போன் (Beaune) நகரத்தில் வந்து இறங்குவார்கள் என்று சொல்லிவிடலாம்.

டயர் காற்று, உதிரி டியூப், தலைக்கவசம், தண்ணீர் இதையெல்லாம் சைக்கிள் கடைக்காரரே சொல்லி அனுப்புவார். அவர் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

எண் பெரிதானால் சாலை சிறிது என்று நம்புவது

பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுவது பற்றி யாரைக் கேட்டாலும் முதல் பாடம் இதுதான்: ‘ஏ’ என்றால் விரைவுச்சாலை, ‘என்’ என்றால் தேசிய நெடுஞ்சாலை, இரண்டும் நமக்கு வேண்டாம். ‘டி’ என்றால் மாவட்டச் சாலை. அதிலும் எண் மூன்று இலக்கமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

பாதி சரி. டிஜோனுக்குத் தெற்கே மார்சன்னே, ஃபிக்சான், ழெவ்ரே-ஷாம்பெர்த்தான் என்று ஊர் ஊராகப் போகும் டி122 அப்படிப்பட்ட சாலைதான். இரண்டு பக்கமும் திராட்சைக் கொடிகள், தாழ்வான கல் சுவர்கள், எப்போதாவது ஒரு கார். அதற்குக் கொஞ்சம் கிழக்கே, அதே திசையில் டி974 ஓடுகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் இது இன்னும் அமைதியான சாலையாக இருக்க வேண்டும். ஆனால் இது பழைய தேசிய நெடுஞ்சாலை 74.

நடந்தது இவ்வளவுதான். 2004-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, பெரும்பாலும் 2006 முதல், ஏராளமான தேசிய நெடுஞ்சாலைகள் மாவட்டங்களின் கைக்கு மாறின. ‘என்’ போய் ‘டி’ வந்தது. ஏற்கெனவே இருந்த ‘டி’ எண்களோடு குழம்பாமல் இருக்கப் பல மாவட்டங்கள் பழைய எண்ணோடு 900-ஐயோ 1000-ஐயோ கூட்டிவைத்தன. 74 என்பது 974 ஆயிற்று, 6 என்பது 906 ஆயிற்று. பலகை மாறியது, லாரிகள் மாறவில்லை.

இது பர்கண்டியோடு நிற்கிற விஷயமும் இல்லை. போர்தோ பக்கம் டி1113 என்பது பழைய 113. லுவார் நதியை ஒட்டிய டி952 பழைய 152, முதல் இலக்கம் மட்டும் 9 ஆயிற்று. அல்சாஸில் இந்தக் கணக்கும் உதவாது. கோல்மாருக்குத் தெற்கே டி83 என்று அடக்கமாகப் பலகை வைத்திருப்பது நான்கு வழிச்சாலை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், இங்கே நில அமைப்பே வழி சொல்கிறது. மேற்கே பார்த்து நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் சமவெளியும் ரயில் பாதையும். காலடியில் டி974. எதிரே மெல்ல ஏறும் சரிவில் கொடிகள், சரிவை ஒட்டி ஊர்கள், உச்சியில் காடு. விலை உயர்ந்த கிரான் க்ரூ ஒயினுக்கான நிலங்கள் எல்லாம் சரிவின் நடுப்பகுதியில். டி974-ஐத் தாண்டிக் கிழக்கே போனால் பெரும்பாலும் சாதாரண ஒயின்தான். 2015-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அந்தச் சரிவைத்தான். டி974-இல் ஓட்டுகிறவர் காசு கொடுத்து உள்ளே வந்து, கோயிலைச் சுற்றாமல் பிரகாரத்துக்கு வெளியே மதிலை ஒட்டியே நடந்துவிட்டுப் போகிறவர் மாதிரி.

சென்ற கோடையில் நுய்-சான்-ஜார்ஜில் ஒரு காபிக் கடை வாசலில் இளம் தம்பதி ஒன்றைப் பார்த்தேன். புதுச்சேரிக் குடும்பத்துப் பிள்ளைகள், பாரிஸ் புறநகரில் வேலை. வாடகைக்கு எடுத்த நல்ல சைக்கிள், போன் நகரத்தில் இரண்டு இரவுக்கு முன்பணம் கட்டிய அறை. அந்தப் பெண் காபியைத் தொடவே இல்லை. “இதுக்கா அண்ணா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்? லாரி பின்னாடி லாரி. திராட்சையை எங்கயோ தூரத்துல பார்த்தோம்” என்றார். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும், ஊருக்குள் ஒரு மீட்டர். இது சட்டம். எதிரிலும் லாரி வரும்போது அந்த ஒன்றரை மீட்டருக்கு எங்கே போவது? வழியைக் காட்டச் சொன்னேன். டிஜோனிலிருந்து நேர்க்கோடு, முழுக்க டி974. மேற்கே சந்துக்குள் திரும்பினால் சில நிமிடத்தில் வோன்-ரொமானே வந்திருக்கும் என்றேன். கணவர் தலையாட்டினார். மனைவி ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அறைக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்.

சரி, எப்படிப் போவது? டிஜோனிலிருந்து ஷெனோவ் தாண்டியதும் டி122-ஐப் பிடித்து வூழோ வரை விடாதீர்கள். அங்கேதான் இரண்டாவது பொறி. ‘கிரான் க்ரூ சாலை’ என்று பழுப்புப் பலகை வழிகாட்டிக்கொண்டே வரும். அதை நம்பிப் போனால் வூழோவில் உங்களை டி974-இலேயே கொண்டு சேர்த்துவிடும். 1937-இல் அந்தச் சுற்றுலா வழியை வகுத்தபோது நினைத்தது காரில் வருபவர்களை, நம்மை இல்லை. ஆகவே பலகையை விட்டுவிட்டு, குளோ தெ வூழோ மாளிகைப் பக்கமாக மேலேறி, கொடிகளுக்கு நடுவிலுள்ள சிறு சாலைகளில் வோன்-ரொமானே, அப்புறம் நுய்.

நுய்க்குத் தெற்கே கொம்பிளான்ஷியன் கல் குவாரிகள். பாரிஸ் கார்னியே ஓபராவுக்குப் போன கல் இந்தப் பக்கத்துக் கல்தான். குவாரி இருந்தால் லாரியும் இருக்கும். கால் வலிக்க மேற்கே மலைக்குள் ஏறிச் சுற்றிவர மனமில்லை என்றால், கௌரவம் பார்க்காமல் நுய் நிலையத்தில் வட்டார ரயில் ஏறிப் போன் நகரத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சாந்த்னே வரை சுமார் 22 கிலோமீட்டருக்குத் திராட்சைத் தோட்டச் சைக்கிள் வழி இருக்கிறது. பொம்மார், வோல்னே, மெர்சோ, புலின்யி என்று ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். முதல் தடவை வருகிறவருக்கு இதைவிட நல்ல பகல் கிடைக்காது.

வீட்டிலிருந்து திட்டம் போடும்போது எண்ணைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். மிஷ்லான் தாள் வரைபடத்தில் பெரிய சாலைகள் சிவப்பு, அடுத்தவை மஞ்சள், சிறியவை வெள்ளை. நமக்கு வெள்ளை. கைபேசி வழியை அந்தத் தாளின் மேல் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். சிவப்பில் ஒரு கிலோமீட்டர் விழுந்தாலும் மாற்றிப் போடுங்கள்.

நண்பகலை வீணாக்குவது

பன்னிரண்டு அடித்தால் இந்த நாடு சாப்பிட உட்காரும். இரண்டு மணி வரை சாலைகள் காலி. புதியவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் சாப்பாட்டுக் கடை தேடி ஊருக்குள் அலைகிறார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பதினொன்றரைக்குள் பையில் இருக்கட்டும். ஒரு மணிக்குக் கொடிகளுக்கு நடுவே நீங்கள் மட்டும்தான். ரெண்டரைக்கு ஊருக்குள் போய் ரொட்டி வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், கதவு சாத்தியிருக்கும். ஞாயிறு மதியமும் திங்களும் இன்னும் மோசம்.

தோட்டத்துக்குள் குறுக்கு வழி

வரைபடத்தில் அழகாகத் தெரியும். நேரில், டிராக்டருக்காகப் போட்ட கான்கிரீட் தடம், குறுக்கே மழைநீர் வாய்க்கால், திடீரென்று சுவர் போல ஒரு ஏற்றம். மழை பெய்திருந்தால் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சைக்கிளைத் தோளில் சுமக்க வைக்கும். மே முதல் ஜூலை வரை கொடி வரிசைமேல் கால் பரப்பி நிற்கும் உயரமான டிராக்டர்கள் மருந்து அடித்துக்கொண்டிருக்கும். மருந்துப் புகை தெரிந்தால் நின்று திரும்புங்கள். அந்த வண்டிக்காரர் உங்களுக்காக ஒதுங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை, அது அவருடைய பணியிடம்.

வலப்பக்கச் சந்தைப் பார்க்காமல் போவது

ஊருக்குள் வேறு பலகை இல்லாவிட்டால், வலது சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும் சரி, நீங்கள் எவ்வளவு நேராகப் போய்க்கொண்டிருந்தாலும் சரி. மஞ்சள் வைரப் பலகை பார்த்தால்தான் முன்னுரிமை உங்களுடையது.

ஒவ்வொரு ஒயின் நிலவறையிலும் ஒரு கோப்பை

ருசி பார்த்துவிட்டுத் துப்புங்கள். லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிளுக்கும் உண்டு.

காதில் பாட்டு

135 யூரோ அபராதம்.

சைக்கிளுக்கு இடம் பதியாமல் டி.ஜி.வி. அதிவேக ரயில்

சைக்கிளைக் கழற்றிப் பையில் போட்டால் ஒழிய ஏற முடியாது.

திராட்சை அறுவடையைப் பார்க்கச் செப்டம்பரில் கிளம்புவது

பார்க்கலாம். சின்னச் சாலை முழுக்க வேன்களும் டிராக்டர்களும் இருக்கும், அறை கிடைக்காது. நவம்பர் மூன்றாம் ஞாயிறும் வேண்டாம். போன் நகரத்தில் ஒஸ்பீஸ் ஒயின் ஏலம், ஊரே நிரம்பி வழியும். ஏலத்துக்குப் பெயர் கொடுத்த அந்தப் பழைய மருத்துவமனை 1443-இல் தொடங்கியது. பல வண்ண ஓட்டுக்கூரையைக் கூட்டமில்லாத மே மாதச் செவ்வாய்க்கிழமையில் நின்று பாருங்கள்.

குளூனியைப் பத்து நிமிடத்தில் முடிப்பது

இன்னும் தெற்கே ழிவ்ரியிலிருந்து குளூனிக்கு 44 கிலோமீட்டர் பசுமை வழி இருக்கிறது, மோட்டார் வண்டிகள் வராத பாதை. பழைய ரயில் பாதையின் மேல் 1997-இல் திறந்தது, நாட்டிலேயே இந்த வகையில் முதலாவது. ரயில் போன வழி என்பதால் ஏற்றமே தெரியாது. அதனால் என்ன ஆகிறது என்றால், ஆட்கள் வேகம் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கோர்மாத்தான் மாளிகையைக் கடக்கும்போது தலைகூடத் திரும்புவதில்லை. குளூனியில் வந்து இறங்கியதும், “இங்க ஒண்ணும் இல்லையே, ஒரு கோபுரம்தான் நிக்குது” என்கிறார்கள்.

ஆமாம், மிச்சம் அவ்வளவுதான். 910-இல் நிறுவிய மடம். அதன் மூன்றாவது தேவாலயம்தான் ரோமில் புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் மிகப் பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இடித்துக் கல்லாக விற்றார்கள். நிற்கும் அந்தத் துண்டு, குறுக்குச் சிறகில் ஒரு பக்கம் மட்டுமே. அதன் அடியில் நின்று மேலே பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் எங்கே நின்றிருக்கும் என்று தெருக்களில் நடந்து அளக்க ஒரு மதியம் பிடிக்கும். அன்றைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டத் திட்டம் போடாதீர்கள்.

குளூனியிலிருந்து மாக்கோன் பக்கம் தொடர்கிறவர்களுக்கு இன்னொன்று. வழியில் புவா கிளேர் சுரங்கம், 1.6 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் வௌவால்களுக்காக அதை மூடிவிடுவார்கள், கணவாய் ஏறித்தான் போக வேண்டும். கோடையில் திறந்திருக்கும். ஆனால் வெளியே வெயில் எரிக்கும்போதும் உள்ளே குளிரும். முன்விளக்கும் ஒரு மெல்லிய ஜாக்கெட்டும் பையின் மேலாக இருக்கட்டும், அடியில் தேடி எடுக்கச் சுரங்க வாசலில் இடம் போதாது.