கொன்றையா, வேறு மரமா? பூவைப் பிரித்துப் பார்த்து இனங்காணும் முறை

சித்திரை மாதத்தில் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் எந்த மரத்தைக் காட்டிக் கேட்டாலும் 'கொன்றை' என்ற பதில்தான் வரும். கோயில் நந்தவனத்தில் நிற்கும் சரக்கொன்றை, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பெருங்கொன்றை, சாலையோர மஞ்சள் கொன்றை, சிவப்பாகப் பூக்கும் மயில்கொன்றை ஆகிய நான்கும் தாவரவியலில் நான்கு வெவ்வேறு பேரினங்கள். இவற்றில் மூன்று மஞ்சளாகப் பூப்பதால் நிறத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது. இலை, மகரந்தக் கம்பி (மகரந்தப்பையைத் தாங்கும் காம்பு), காய் என்ற வரிசையில் பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், புது பிளேடு, அளவுகோல், வெள்ளைத்தாள் இவ்வளவும் போதும். ஆற்றில் தண்ணீர் இல்லாத சித்திரை, வைகாசிதான் ஏற்ற காலம். சரக்கொன்றை உச்சத்தில் பூத்திருக்கும், போன ஆண்டுக் காயும் அதே மரத்தில் தொங்கும். காய் முற்றக் கிட்டத்தட்ட ஓராண்டு எடுப்பதால் பூவையும் காயையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கோயில் மரமாக இருந்தால் கேட்டுவிட்டுப் பறியுங்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் பூவில் மகரந்தத்தாள்கள் முழுசாக இருப்பதில்லை, அதை நம்ப வேண்டாம்.

முதலில் இலை. பலரும் தடுமாறும் இடம் இதுதான், சிற்றிலையை இலை என்று எண்ணிவிடுவார்கள். அடியில் மொட்டு இருந்தால் இலை, இல்லாவிட்டால் சிற்றிலை. சரக்கொன்றையின் ஒரு இலையில் 3 முதல் 8 இணை சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்கு வளரும், நுனியில் ஒற்றைச் சிற்றிலை கிடையாது. மஞ்சள் கொன்றையிலும் இலை ஒருமுறைதான் பிரியும், ஆனால் சிற்றிலைகள் சிறியவை, இணைகளும் கூடுதல். இலைக்காம்பு கிளையாகி, அந்தக் கிளைகளில் பொடிச் சிற்றிலைகள் இருந்தால், அதாவது இலை இருமுறை பிரிந்திருந்தால், அது சரக்கொன்றையும் இல்லை, மஞ்சள் கொன்றையும் இல்லை. பெருங்கொன்றை, மயில்கொன்றை, வயலுக்குத் தழை கொடுக்கும் வாதநாராயணன் மூன்றும் இந்த வகைதான். பங்குனியில் சரக்கொன்றை மொட்டையாக நிற்கும்போது மரத்தடிச் சருகைப் பாருங்கள், பக்கத்து மரத்தின் சருகு கலந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பூங்கொத்தும் ஒரு குறிப்புத் தரும். சரக்கொன்றைக் கொத்து ஒரு முழமோ அதற்கு மேலோ கீழ்நோக்கித் தொங்கும். மஞ்சள் கொன்றை, பெருங்கொன்றை இரண்டின் கொத்தும் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். பெருங்கொன்றையின் மொட்டு துருப்பிடித்த நிறத்தில் இருக்கும், இதழ் கசங்கிய துணிபோல் சுருங்கியிருக்கும்.

நன்றாக மலர்ந்த சரக்கொன்றைப் பூ ஒன்றைக் காம்போடு எடுத்து வெள்ளைத்தாளில் வையுங்கள். புல்லி ஐந்தையும் அல்லி ஐந்தையும் கழற்றினால் பத்து மகரந்தத்தாள்கள் மிஞ்சும். அவை மூன்று அளவில் இருக்கும். மூன்று தாள்களின் கம்பிகள் நீண்டு, வளைந்து, பூவுக்கு வெளியே தூக்கி நிற்கும். நான்கு நடுத்தரம். மற்ற மூன்றும் குட்டையானவை, பெயருக்குத்தான் தாள்கள். இந்தப் பூவில் தேன் கிடையாது. கருவண்டு வந்து நடுத்தரத் தாள்களைப் பிடித்துக்கொண்டு அதிர்வொலி எழுப்பி மகரந்தத்தை உதிர்த்து எடுக்கும். அந்த நேரத்தில் நீண்ட தாள்களின் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

காசியா என்ற பேரினத்தின் அடையாளம் இந்த நீண்டு வளைந்த மூன்று கம்பிகள்தான். சென்னா பேரினத்தில் கம்பி நேராக இருக்கும், நீளமும் மகரந்தப்பையைப்போல் இரண்டு மடங்குக்குள் அடங்கிவிடும். மஞ்சள் கொன்றை, ஆவாரை இரண்டும் சென்னா. சந்தேகம் வந்தால் கம்பியையும் பையையும் தனித்தனியே அளந்து பாருங்கள். காலையில் விரிந்த பூவில் அளப்பது நல்லது, வாடிய பூவில் நேரான கம்பியும் வளைந்தாற்போல் தெரியும். இரண்டாவது சோதனையும் உண்டு. காசியாவின் பூக்காம்பில் இரண்டு சிறு செதில்கள் இருக்கும், சென்னாவில் இருக்காது. அவை சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்பதால் இளமொட்டில் லென்ஸ் வைத்துத் தேட வேண்டும். இலைக்காம்பில் உள்ள சுரப்பியை வைத்தும் சிலர் பிரிப்பார்கள். ஆவாரையில் சுரப்பி உண்டு, மஞ்சள் கொன்றையில் இல்லை. ஆகவே சுரப்பி தெரிந்தால் சென்னா என்று சொல்லலாம், தெரியாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது.

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் சரக்கொன்றைக்குக் காசியா ஃபிஸ்டுலா என்று பெயர் வைத்தபோது இன்றைய சென்னாவும் காசியாதான். 1982-இல் இர்வின், பார்னபி என்ற தாவரவியலாளர்கள் இருவரும் இதைக் காசியா, சென்னா, கமேகிறிஸ்டா என்று மூன்றாகப் பிரித்தார்கள். பழைய புத்தகத்தில் காசியா சயாமியா என்று இருந்தால் அது இன்றைய சென்னா சயாமியா, அதாவது மஞ்சள் கொன்றை. லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து சோழமண்டலக் கரையில் செடி சேகரித்தார். அந்தக் காலத்துச் சேகரிப்புகளைப் பார்க்க நேர்ந்தால் இந்தப் பழைய பெயர்களைத் தேட வேண்டியிருக்கும்.

இந்த மரங்கள் எல்லாம் பட்டாணிக் குடும்பம். அதற்குள் எந்தத் துணைக்குடும்பம் என்று தெரிய, நாளை விரியப்போகும் மொட்டை எடுத்து இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கும் முறையைப் பாருங்கள். மேலிதழ் எல்லா இதழுக்கும் உள்ளே இருந்தால் சீசல்பினியாய்டே பக்கம். மேலிதழ் வெளியே இருந்து மற்றவற்றைப் பொத்தியிருந்தால் பாப்பிலியோனாய்டே. அகத்தி, புங்கன், கல்யாண முருங்கை, கிளைரிசிடியா எல்லாம் இதில் வரும். சரக்கொன்றைக் கொத்து தலைகீழாகத் தொங்குவதால் மேலிதழ் எது என்பதில் குழப்பம் வரும். நீண்ட மூன்று கம்பிகள் கீழ்ப்பக்கத்துக்கு உரியவை, அவற்றுக்கு எதிரே இருப்பதே மேலிதழ்.

வாகை, தூங்குமூஞ்சி, கருவேலம் இவற்றில் இதழ் ஓரங்கள் மேலே ஏறாமல் தொட்டுக்கொண்டு நிற்கும். முன்பு இவற்றை மைமோசாய்டே என்று தனித் துணைக்குடும்பமாக வைத்திருந்தார்கள். 2017-இல் வந்த வகைப்பாடு பட்டாணிக் குடும்பத்தை ஆறு துணைக்குடும்பங்களாக்கியபோது அது சீசல்பினியாய்டேக்குள் சேர்ந்துவிட்டது. மந்தாரை செர்சிடாய்டேக்கும், புளியும் அசோகமும் டெட்டாரியாய்டேக்கும் போயின. கல்லூரிப் பாடங்களில் பழைய மூன்று பிரிவு இன்னும் கண்ணில் படும், தேர்வுக்கு எது கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

காயில் சிக்கலே இல்லை. சரக்கொன்றைக் காய் உருளையானது, கறுத்தது, 30 முதல் 60 செ.மீ. நீளம், தானாக வெடிக்காது. நீளவாட்டில் அறுத்தால் காசு அடுக்கினாற்போல் குறுக்குச் சுவர்கள் தெரியும், அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் கறுத்த இனிப்புச் சதை. அந்தச் சதை பேதி மருந்து, ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் கொன்றைக் காய் தட்டையாக இருந்து வெடிக்கும். பெருங்கொன்றைக்குச் செம்பு நிறத்தில் ஓரம் சிறகுபோல் விரிந்த சிறு காய், மயில்கொன்றைக்கு மரப்பட்டை போன்ற நீளத் தட்டைக் காய்.

நாற்றுப்பண்ணையில் கொன்றை என்று கேட்டால் மஞ்சள் கொன்றைக் கன்றைக் கொடுத்துவிடுவது உண்டு. சற்று வளர்ந்த கன்றில் சிற்றிலை அளவைப் பார்த்து வாங்குங்கள். அகலமான சிற்றிலைகள் சில இணை மட்டும் இருந்தால் சரக்கொன்றை, சின்னதாக நிறைய இருந்தால் மற்றது. விதை போடுவதென்றால், தோல் கெட்டியானதால் அப்படியே ஊன்றினால் முளைப்பு மிகக் குறைவு. விதைத்தழும்புக்கு எதிர்முனையை உப்புத்தாளில் உள்நிறம் தெரியும்வரை தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊற வையுங்கள். ஊதியவற்றை மட்டும் ஊன்றுங்கள், ஊதாதவற்றை மறுபடி தேய்க்க வேண்டும். சரக்கொன்றைக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. திருவாரூர்க் களிமண்ணில் மேடு கட்டி நடுங்கள், கொள்ளிடக் கரை மணல் கலந்த மண்ணில் அந்த வேலை இல்லை. வேரில் முடிச்சு விடாத மரம் இது, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று எண்ணி நட வேண்டாம்.

மாதிரியைப் பாதுகாக்க, பூங்கொத்தை 'வ' போல மடித்துச் செய்தித்தாளுக்குள் வைத்துப் பலகைக்கு நடுவில் இறுக்கிக் கட்டுங்கள். முதல் நாலைந்து நாள் தினமும் தாளை மாற்றாவிட்டால் இதழ் கறுத்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சணமும் பிடிக்கும். காயைத் தனி உறையில் வையுங்கள். சீட்டில் ஊர், தேதி, மரத்தின் உயரம், பூவின் நிறம் நான்கும் அன்றே எழுத வேண்டும், காய்ந்தபின் நிறம் மாறிவிடும். ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டுமானால் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தில் தமிழக மரங்களின் உலர்மாதிரிகள் இருக்கின்றன, முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.