பட்டாளத்து நகைச்சுவையை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டாளத்தில் சில ஆண்டுகள் காலந்தள்ளிய எவரிடமும் சிரிப்புக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாசறைக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னபோது வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த கதை, தாளில் ஏறியதும் சப்பென்று போய்விடுவதை நானே பலமுறை அனுபவித்திருக்கிறேன். அப்படிக் கெட்டவற்றுள் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது என் கைதான்.

மிகைப்படுத்துவதே எல்லாவற்றினும் பெரிய தவறு. காலை 9 மணிக்குத் தளபதி அணிவகுப்பைப் பார்வையிடுவார் என்று ஆணை வருகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று பட்டாலியன் அதிகாரி அனைவரும் 8.30-க்கே நிற்க வேண்டும் என்கிறார். பட்டாலியனின் ஒரு பிரிவான கம்பெனியின் அதிகாரி அதை 8 ஆக்குகிறார். கம்பெனிக்குள் இருக்கும் சிறு பிரிவான பிளட்டூனின் அதிகாரி 7.30 ஆக்குகிறார்; சார்ஜென்ட் ஒருபடி மேலே போய் 7 மணிக்கே எங்களை வெயிலில் நிறுத்திவிடுகிறார். தளபதி வந்து சேரும்போது மணி 9.45. இதில் தனியாக எவரும் முட்டாள் இல்லை. ஒவ்வொருவரும் தம் தலையைக் காத்துக்கொள்ள அரைமணி நேரம் சேர்த்தார்கள், அவ்வளவுதான். சிரிப்பு அந்தக் கூட்டல் கணக்கில் இருக்கிறது. நள்ளிரவிலிருந்தே நின்றோம், இருவர் மயங்கி விழுந்தார்கள் என்று சரடு விட்டால் படிப்பவருக்கு நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை போன இடத்தில் சிரிப்பும் நிற்காது.

யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். புதிதாக வந்து சேர்ந்த பையனைக் கேலிப்பொருளாக்குவது எளிது. ஆனால் அவனால் திருப்பிப் பேச முடியாது என்பதனால் அது வாசகருக்குக் கசக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படை வீரராக இருந்துகொண்டே கேலிச்சித்திரம் வரைந்த பில் மால்டின், சவரம் செய்யாத, சேறு அப்பிய இரண்டு சாதாரண வீரர்களை நாயகர்களாக்கினார். தம் படையினர் மழமழவென்று இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்த அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டன், 1945-இல் அவரை நேரில் வரவழைத்துக் கண்டித்தார். அதே ஆண்டில் அச்சித்திரங்களுக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. மேலே பார்த்துக் கேலி செய்யும் துணிவில்லையென்றால், தன்னையே கேலி செய்துகொள்வது நல்லது. முதல் வாரத்தில், உடுப்பில் மின்னிய பொத்தான்களைக் கண்டு மிரண்டு, பாண்டு வாத்தியக்காரர் ஒருவருக்கு நான் விறைப்பாகச் சல்யூட் அடித்தேன். என் மனம் நோகக் கூடாது என்று அவரும் பதிலுக்கு அடித்தார்.

சுருக்கெழுத்துகளை அள்ளித் தெளிப்பதும் வேண்டாம். ஒரு சொல்லை விளக்க அடிக்குறிப்பு தேவைப்படுகிறதென்றால் அந்தக் கதையைப் பட்டாளத்துக்காரரிடம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம். பணியில் இருப்பவர் எழுதுவதாயின், முகாம் இருக்கும் இடம், ஆள்பலம், புறப்படும் நாள் ஆகியவை ஒருபோதும் கதைக்குள் நுழையக் கூடாது. கதை அவை இல்லாமலும் நன்றாகவே நடக்கும்.

மற்றொரு தவறு, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் இறுதியில் தியாகம், வீரம் என்று முழங்குவது. சாவு பக்கத்தில் இருப்பதை வாசகர் அறிவார். அதை நாம் எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. முதல் உலகப் போரில், குண்டுவீச்சில் இடிந்துகிடந்த பெல்ஜிய நகரமான ஈப்ரில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஓர் அச்சு இயந்திரம் கிடைத்தது. அந்த ஊரின் பெயர் அவர்கள் நாவில் வைப்பர்ஸ் என்று ஆகியிருந்ததால், 1916 பிப்ரவரியில் கேப்டன் ஃபிரெட் ராபர்ட்ஸ் ஆசிரியராக இருந்து வெளியிட்ட பதுங்குகுழிப் பத்திரிகைக்கு வைப்பர்ஸ் டைம்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். அதில் வந்த போலி விளம்பரம் ஒன்று, நன்னம்பிக்கை என்னும் நோயால் அவதிப்படுகிறீர்களா என்று விசாரித்தது. காலையில் எழும்போது எல்லாம் நல்லபடி நடப்பதாகத் தோன்றுவதும், பன்னிரண்டு மாதங்களில் போர் முடிந்துவிடும் என்று நினைப்பதும் நோயின் அறிகுறிகளாம். தங்களிடம் இரண்டு நாள் தங்கினால் முற்றிலும் குணமாகிவிடுமாம். சாவு என்ற சொல்லை வெளியே எடுக்காமலே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். போர் முடிந்ததோ 1918 நவம்பரில்.